நக்கவாரத் தீவின் பிஷப்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீவனஹள்ளிப் பக்கம் நடந்து பாருங்கள். காக்ஸ் டவுனை ஒட்டிய பகுதி. ஒரு தெருவில் அம்மன் கோயில் மணி கேட்கும். அடுத்த தெருவில் தமிழ்க் கீர்த்தனை கேட்கும். பிழைப்புத் தேடி வந்தவர்களும், அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் இடம். கடையில் கன்னடம், வேலையில் கொஞ்சம் ஆங்கிலம், சாமியிடம் மட்டும் தமிழ். வெளியூரில் வாழும் தமிழனுக்கு இதுதான் வழக்கம்.

ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழர் இந்த வழக்கத்துக்கு மாறாக நடந்தார். அவர் போன இடத்தில் தமிழ் பேச ஆள் கிடையாது. எழுத்து என்பதே அந்த ஊர் மக்களுக்குத் தெரியாது. அங்கே போய் அவர்களுடைய மொழியைக் கற்று, பள்ளிக்கூடம் வைத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு சிறுவன் பின்னாளில் பிஷப் ஆனான். இந்தியப் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தான்.

தீவின் பெயர் கார் நிக்கோபார். சிறுவன் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். ஆசிரியர், உபதேசியார் வேதப்பன் சாலமன்.

நிக்கோபார் நமக்குப் புதிய பெயர் அல்ல. ராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற இடங்களின் பட்டியலில் மாநக்கவாரம் என்று வருகிறதே, அது இந்தத் தீவுக் கூட்டம்தான். அந்தமானுக்குத் தெற்கே, வங்கக் கடலில் சிதறிக் கிடக்கிறது. வடகோடியில் இருப்பது கார் நிக்கோபார். சுமார் 127 சதுர கிலோமீட்டர். மலை கிடையாது; பவளப் பாறை மீது படிந்த சமதரை. எங்கு பார்த்தாலும் தென்னை.

தரங்கம்பாடியில் இருந்து போனவர்கள்

கிறிஸ்தவப் பாதிரிமார் இந்தத் தீவுகளுக்குப் போக முயன்றது ரிச்சர்ட்சன் காலத்துக்கு வெகு முன்பே. அந்தக் கதையின் ஒரு முனை நம் தரங்கம்பாடியில் இருக்கிறது.

தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்கள் 1756 வாக்கில் நிக்கோபார் தங்களுடையது என்று கொடி நாட்டினார்கள். மொரேவியன் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1768-இல் நன்கௌரி தீவில் குடியேறினார்கள். சொந்தக் கையால் காடு வெட்டி, வீடு கட்டி, தோட்டம் போட்டார்கள். கடுமையான உழைப்பாளிகள்.

என்ன பயன்? காட்டுக் காய்ச்சல் ஒவ்வொருவராக வாரிக்கொண்டு போயிற்று. தீவிலேயே புதைக்கப்பட்டவர்கள் 11 பேர். காய்ச்சலோடு தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்து இறந்தவர்கள் 13 பேர். தீவு மொழியையும் அவர்களால் சரியாகக் கற்க முடியவில்லை. 1787-இல் மூட்டை கட்டிவிட்டார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பில் ஒரு சபைகூட உருவாகவில்லை.

1869-இல் ஆங்கிலேயர் தீவுகளை எடுத்துக்கொண்டார்கள். கமோர்ட்டா தீவில் கைதிகள் குடியிருப்பு ஒன்றை வைத்தார்கள். அதுவும் 1888-இல் மூடப்பட்டது. காய்ச்சல் அரசாங்கத்தையும் விடவில்லை.

உபதேசியார் சாலமன்

இந்த நிலையில்தான், 1890-களின் நடுவில், ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியாரான வேதப்பன் சாலமன் கார் நிக்கோபாரின் வடகரையில் உள்ள முஸ் கிராமத்தில் வந்து தங்கினார். அவருக்குப் பெரிய படிப்புப் பட்டம் கிடையாது. குருப்பட்டமும் கிடையாது. உபதேசியார் என்றால் சபையில் ஒரு கடைநிலை ஊழியர் என்பது கிறிஸ்தவ வாசகர்களுக்குத் தெரியும்.

சபைச் சம்பளத்தோடு அரசாங்க வேலையும் அவர் தலையில் விழுந்தது. கப்பல்கள் வந்து போவதைக் கவனிக்க வேண்டும். மழையும் காற்றும் குறித்து வைக்க வேண்டும். தீவில் நடப்பதை நாட்குறிப்பாக எழுதி போர்ட் பிளேருக்கு அனுப்ப வேண்டும். ஒரு குமாஸ்தாவின் வேலை என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் குமாஸ்தா எழுதிய குறிப்புகளை அந்தமான் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள் மதித்து அச்சிட்டார். அன்றைய கார் நிக்கோபார் வாழ்க்கையை அறிய விரும்புகிறவர்களுக்கு இன்றும் அவை உதவுகின்றன.

அவர் கண்ட தீவு எப்படிப்பட்டது?

அப்போது மக்கள் தொகை மூவாயிரத்து ஐந்நூறுக்குச் சற்று முன்பின். பதினைந்து ஊர்கள். உயரமான கால்கள் மேல் நிற்கும், தேன்கூடு போன்ற வட்டக் குடிசைகள். கீழே பன்றிகள். ஏணி வைத்து மேலே ஏற வேண்டும். பணம் செல்லாது, தேங்காய்தான் பணம். வெளியிலிருந்து வரும் வியாபாரி துணியும் அரிசியும் புகையிலையும் கொடுத்து, பதிலுக்குத் தேங்காயும் கொப்பரையும் வாங்கிப் போவான். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பது வியாபாரிக்குத்தான் வெளிச்சம். கப்பல்காரர்கள் வேடிக்கைக்காகச் சூட்டிய ஆங்கிலப் பெயர்களையே பல தீவுவாசிகள் தங்கள் பெயராக வைத்திருந்தார்கள்.

நல்ல மக்கள். திருட்டு குறைவு. விருந்தோம்பல் அதிகம். ஆனால் ஒரு பயம் அவர்களை ஆட்டிப் படைத்தது. நோயும் சாவும் கெட்ட ஆவிகளால் வருகிறது என்று நம்பினார்கள். ஒருவன் மீது அந்தச் சந்தேகம் விழுந்துவிட்டால் தீர்ந்தது. ஊரார் கூடி முடிவு செய்வார்கள். இரவில் அவனைப் பிடித்துக் கழுத்தை நெரித்து, உடலைக் கடலில் விட்டுவிடுவார்கள். கொன்றவர்கள் கொலைகாரர்களாகத் தங்களை நினைக்கவில்லை. ஊரைக் காப்பாற்றியதாக நினைத்தார்கள். ஆங்கில அதிகாரிகள் இதைப் பேய்க் கொலை என்று பதிவு செய்தார்கள். துப்பாக்கியோடு வந்து மிரட்டிப் பார்த்தார்கள், அபராதம் போட்டார்கள். பயம் போகாதபோது பழக்கம் மட்டும் எப்படிப் போகும்?

சாலமன் பள்ளிக்கூடத்தை நம்பினார். பெரியவர்களை விட்டுவிட்டுச் சிறுவர்களைப் பிடித்தார். அ, ஆ போல எழுத்துப் பழக்கம், கணக்கு, பாட்டு, ஜெபம். ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிகச் சிலரே. என் எண்ணம், அரசாங்கத்தின் ஆளாகவும் சபையின் ஆளாகவும் அவர் ஒரே சமயத்தில் இருந்தது ஊராரைத் தயங்க வைத்திருக்கும். காலையில் உங்கள் மேல் ரிப்போர்ட் எழுதுகிறவர் மாலையில் வேதம் சொன்னால் நீங்கள் முழு மனதோடு கேட்பீர்களா?

ஆனாலும் அவர் போகவில்லை. பத்தாண்டுக்கு மேல் அங்கே இருந்தார். 1909-இல் காலமானார். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவர் வேலை தோல்விதான். ஒரு மாணவனை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது.

ஹாசெவ்கா என்ற பையன்

1884-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி முஸ் கிராமத்தில் பிறந்தவன் அவன். பெற்றோர் வைத்த பெயர் ஹாசெவ்கா. சாலமன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் பையன்களில் ஒருவன். ஞானஸ்நானத்தில் ஜான் ரிச்சர்ட்சன் என்று பெயர் பெற்றான்.

பையன் கெட்டிக்காரன் என்று சாலமனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் அந்தமான், நிக்கோபார் சபைகள் ரங்கூன் அத்தியட்சாதீனத்தின் கீழ் இருந்தன. ஆகவே மேற்படிப்பு என்றால் பர்மாதான். கடல் கடந்து, ஐராவதி நதிக்கரையில் உள்ள மாந்தலே நகரத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ரிச்சர்ட்சன் சேர்க்கப்பட்டார். தென்னையும் பன்றியும் தவிர வேறு அறியாத தீவுப் பையன், புத்தக் கோபுரங்களும் ரெயிலும் சந்தையும் நிறைந்த நகரத்தைப் பார்த்தான். ரங்கூனிலும் மாந்தலேயிலும் அப்போது தமிழர்கள் நிறையப் பேர் பிழைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

படித்தவர் அங்கேயே ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கும் கிராமத்தில் இருந்து நகரத்துக்குப் படிக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் திரும்புகிறார்கள்? ரிச்சர்ட்சன் திரும்பினார். 1912 முதல் முஸ் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரும் உபதேசியாரும் அவரே. ஆசானின் நாற்காலி மாணவனுக்கு வந்தது.

ஆசானுக்குக் கிடைக்காத ஒன்று இவருக்கு இருந்தது. இவர் அந்த ஊர்க்காரர். நிக்கோபார் மக்கள் துஹேத் என்னும் கூட்டுக் குடும்பமாக வாழ்பவர்கள். நிலம், தென்னை, பன்றி எல்லாம் துஹேத்துக்குச் சொந்தம். தனி மனிதன் தன்னிஷ்டப்படி மதம் மாறுவது என்பது அங்கே குடும்பத்தை விட்டுப் பிரிவதற்குச் சமம். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது பிடிபடவில்லை. ரிச்சர்ட்சனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் துஹேத்தை உடைக்கவில்லை. பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார். பன்றி விருந்துகளை நிறுத்தச் சொல்லவில்லை. அவசரப்படவும் இல்லை. சாவுக்குப் பயந்து கொலை செய்வதை மட்டும் விடாமல் எதிர்த்தார்.

பையன்களுக்குக் கால்பந்து கற்றுக் கொடுத்ததும் இவரே என்று தீவில் சொல்வார்கள். இன்று நிக்கோபார் இளைஞர்களின் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்ற குருவானவர் நிக்கோபார் மொழிக்கு அகராதி தயாரித்தார். அது 1925-இல் ரங்கூனில் அச்சானது. ரிச்சர்ட்சன் ரோமன் எழுத்தில் நிக்கோபார் மொழியை எழுதி, வேதாகமத்தை மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஆட்டு மந்தையும் கோதுமை வயலும் இல்லாத தீவு அது. மேய்ப்பன், திராட்சத் தோட்டம், பாலைவனம் என்று பக்கத்துக்குப் பக்கம் வரும் புத்தகத்தை, கடலும் தென்னையும் மட்டும் தெரிந்த மக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். எளிதான வேலையா? அவர் அதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டார்.

1930-களில் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. சபையிலும் பதவி உயர்வு மெதுவாகத்தான் வருகிறது!

போர் வந்தது

1942-இல் ஜப்பானியர் அந்தமானைப் பிடித்தார்கள். நிக்கோபாரும் அவர்கள் கைக்குப் போயிற்று.

கார் நிக்கோபாரின் சமதரை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. விமானத் தளம் போட முடிவு செய்தார்கள். யார் வேலை செய்வது? தீவு மக்கள்தான். சம்பளம் கிடையாது, சாப்பாடு போதாது. தென்னை மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. கோழியும் பன்றியும் ராணுவத்தின் வயிற்றுக்குப் போயின. ஆங்கிலம் தெரிந்தவன், வேதம் படித்தவன் எல்லாம் உளவாளியாகத் தெரிந்தான். முக்கியமாக ரிச்சர்ட்சனைச் சுற்றி இருந்தவர்கள்.

1945 நடுவில் நேசநாட்டுக் கப்பல்களும் விமானங்களும் தீவைத் தாக்கின. தீவு மக்கள் யாரோ எதிரிக்குச் சைகை காட்டுகிறார்கள் என்று ஜப்பானியர் நினைத்தார்கள். அதன் பிறகு நடந்தது கொடுமை. பிடித்துக் கட்டினார்கள், அடித்தார்கள், எரித்தார்கள். ஒப்புக்கொண்டவன் கொல்லப்பட்டான், ஒப்புக்கொள்ளாதவன் அடியிலேயே செத்தான். படித்த கிறிஸ்தவர்களில் பலர் அந்தச் சில வாரங்களில் மாண்டார்கள். ரிச்சர்ட்சன் பெற்ற பிள்ளையையும் பறிகொடுத்தார். அவருடைய தலைக்கும் நாள் குறிக்கப்பட்டிருந்ததாகத் தீவு மக்கள் சொல்கிறார்கள். ஆகஸ்ட் மாதம் ஜப்பான் சரணடைந்தது. அவர் உயிர் தப்பியது அதனால்தான்.

கொடுமை செய்த அதிகாரிகள் சிலர் மீது 1946-இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற வழக்கு நடந்து தண்டனை கிடைத்தது. தண்டனை கிடைத்து என்ன? போனவர்கள் வரவா போகிறார்கள்?

அறுபது வயதைக் கடந்த மனிதர். பிள்ளை இல்லை, பயிற்றுவித்த இளைஞர்களில் பலர் இல்லை. தென்னந்தோப்பு இருந்த இடத்தில் விமானத் தளம். சாலமன் காலத்தில் இருந்து அரை நூற்றாண்டு உழைத்தும் தீவில் கிறிஸ்தவர்கள் அதுவரை சில நூறு பேர்தான். வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார்.

நடந்ததோ வேறு. போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் கார் நிக்கோபார் தீவு ஏறக்குறைய முழுவதும் சபைக்குள் வந்துவிட்டது. தனி ஆளாக அல்ல. துஹேத் துஹேத்தாக, ஊர் ஊராக வந்தார்கள்.

ஏன் வந்தார்கள்? பலர் பல காரணம் சொல்வார்கள். போரில் பழைய மந்திரவாதிகள் யாரையும் காப்பாற்ற முடியவில்லை என்பது ஒன்று. துன்பத்தில் தங்களோடு நின்றவர் இந்த மனிதர் என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. ரிச்சர்ட்சனைத் தீவை விட்டு வெளியே கொண்டுபோகக் கப்பல் எதுவும் வரவில்லை. அவருக்கும் அதே அடி, அதே பட்டினி, அதே சாவு வீடு. நன்கௌரியில் மடிந்த மொரேவியர்களும் துன்பப்பட்டார்கள்; ஆனால் அது தங்கள் சபைக்குள் பட்ட துன்பம். இவர் பட்டது ஊரோடு சேர்ந்து பட்ட துன்பம்.

பழைய பேய்க் கொலை வழக்கமும் அத்தோடு மறைந்தது. ஆங்கிலேயரின் துப்பாக்கியும் அபராதமும் செய்ய முடியாத காரியம் இது.

டில்லிக்குப் போன தீவுக்காரர்

1950-ஆம் ஆண்டு அவருக்கு முக்கியமான ஆண்டு. ஜனவரியில் பிஷப் பட்டம் கிடைத்தது. நிக்கோபார் மக்களில் முதல் பிஷப் அவரே. கல்கத்தா பேராயருக்குத் துணை பிஷப்பாக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் நிக்கோபார் மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது.

1952-இல் முதல் பாராளுமன்றம் கூடியபோது அந்தமான் நிக்கோபாருக்குத் தேர்தல் கிடையாது. 1967-இல்தான் அங்கே முதன்முதலாக ஓட்டுப் பெட்டி வந்தது. அதுவரை ஜனாதிபதி நியமித்தவர்தான் உறுப்பினர். முதல் நியமனம் பிஷப் ரிச்சர்ட்சனுக்குக் கிடைத்தது. ஏணி வைத்து ஏறும் குடிசையில் பிறந்தவர், நேருவும் மற்றவர்களும் இருந்த சபையில் 1957 வரை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1956-இல், தீவுகளின் பழங்குடி மக்களையும் அவர்கள் நிலத்தையும் வெளியாரிடமிருந்து காக்கும் சட்டம் வந்தது. தேங்காய்க்குக் கடன் எழுதி வைத்த பழைய காலத்தை நினைத்தால் இந்தச் சட்டத்தின் பயன் புரியும்.

கார் நிக்கோபாரோடு அவர் நிற்கவில்லை. தெற்கே சௌரா, தெரசா, கச்சால், நன்கௌரி என்று தீவு தீவாகச் சபை போயிற்று. சௌரா பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிக்கோபாரில் மண்பானை செய்யும் உரிமை அந்தச் சிறு தீவுக்கு மட்டும்தான் உண்டு. மற்ற தீவுக்காரர்கள் ஓடங்களில் கடல் கடந்து போய்ப் பானை வாங்கி வருவார்கள். மந்திரத்துக்குப் பேர்போன தீவு என்பதால் பயந்துகொண்டே போவார்கள். பானை வாங்கப் போன அந்தப் பழைய கடல் வழிகள்தான் சபைக்கும் பாதையாயின. மொரேவியர்கள் தோற்றுத் திரும்பிய நன்கௌரியிலும் நிக்கோபார் மக்களே கட்டிய ஆலயம் எழுந்தது.

1966-இல் அந்தமான் நிக்கோபார் தனி அத்தியட்சாதீனம் ஆயிற்று. அதன் முதல் பிஷப் ரிச்சர்ட்சன். அப்போது வயது 82! நம் ஆபீஸ்களில் 58-லும் 60-லும் மாலை போட்டு அனுப்பி விடுகிறார்கள். 1969-இல் முழு வேதாகமமும் நிக்கோபார் மொழியில் வெளிவந்தது. எழுத்தே இல்லாதிருந்த மொழிக்கு, சாலமனின் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பழகிய பையன் தன் 85-வது வயதில் ஒரு பெரிய நூலைக் கொடுத்து முடித்தார். மத்திய அரசு 1965-இல் பத்மஸ்ரீயும் 1975-இல் பத்மபூஷணும் வழங்கியது.

1978-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி அவர் காலமானார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 94 வயது நிரம்பியிருக்கும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது கார் நிக்கோபார் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கரையோர ஊர்கள் துடைத்து எடுக்கப்பட்டன. விமானப் படைத் தளம் நாசமாயிற்று. ரிச்சர்ட்சன் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரியும் அலைக்குத் தப்பவில்லை. பிழைத்தவர்கள் கரையை விட்டு உள்ளே தள்ளிக் குடியேறினார்கள்; ஆலயங்களைத் திரும்பக் கட்டினார்கள். ஆஸ்பத்திரியும் அதே பெயரில் இயங்குகிறது.

போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். சென்னையில் இருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலும் விமானமும் உண்டு. போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஆனால் அங்கிருந்து கார் நிக்கோபாருக்கு டிக்கெட் மட்டும் இருந்தால் போதாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.